காய்ச்சலைச் சொன்னால் கூலி போகுமா?

கேள்வி: திருப்பூரில் ஒரு ஏற்றுமதிப் பனியன் நிறுவனத்தில் மனிதவள அலுவலராக இருக்கிறேன். எங்களிடம் 180 பேர் வேலை செய்கிறார்கள். அவர்களில் 60 பேர் ஒடிசா, ஜார்க்கண்ட் மாநிலங்களிலிருந்து வந்து நிறுவனத்தின் விடுதியில் தங்கியிருக்கும் இளைஞர்கள், இளம்பெண்கள். பெருந்தொற்று மறுபடி வந்தால் தொழிலாளர்களை எப்படிக் காப்பீர்கள் என்று எழுத்தில் திட்டம் கேட்டிருக்கிறார் எங்கள் வெளிநாட்டு வாடிக்கையாளர். வெப்பமானிகளுக்கும் கிருமிநாசினி தெளிக்கும் கருவிக்கும் விலை விசாரிக்கும்படி முதலாளி சொல்கிறார். எனக்கோ 2021 ஏப்ரல் கடைசி வாரம்தான் நினைவில் நிற்கிறது. எங்கள் ஓவர்லாக் டெய்லர் ஒருவர் மூன்று நாள் காய்ச்சலோடு வேலைக்கு வந்தார். மாதம் முழுவதும் விடுப்பில்லாமல் வருவோருக்குத் தரப்படும் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை போய்விடும் என்பதால் அவர் யாரிடமும் சொல்லவில்லை. அவருடைய தையல் வரிசையில் ஏழு பேருக்குத் தொற்று ஏற்பட்டது. மே மாதத்தில் அவர் இறந்துபோனார். எதற்குப் பணம் செலவிட வேண்டும், விடுதியை என்ன செய்வது, அந்த மரணத்தில் எங்களுக்குப் பங்கு உண்டா என்ற மூன்றையும் கேட்கிறேன்.

பதில்: அன்புள்ள சகோதரிக்கு, வணக்கம்.

மூன்றாவது கேள்வியைக் கடைசியில் வைத்திருக்கிறீர்கள். அதற்குத்தான் முதலில் பதில் சொல்ல விரும்புகிறேன், ஏனென்றால் மற்ற இரண்டுக்குமான விடை அதற்குள் இருக்கிறது. ஆம், நிறுவனத்துக்குப் பங்கு உண்டு. அந்த டெய்லருக்கு நோயைக் கொடுத்தது நிறுவனம் என்று யாராலும் சொல்ல முடியாது. அந்த வாரங்களில் தமிழ்நாடு முழுவதும் தொற்று பரவிக்கொண்டிருந்தது, மே மாத மூன்றாம் வாரத்தில் நாளொன்றுக்கு 36,000 பேர் வரை புதிதாகப் பாதிக்கப்பட்டார்கள். ஆனால் காய்ச்சல் வந்த மனிதர் அதைச் சொல்லாமல் இருந்தால் ஆயிரம் ரூபாய் கிடைக்கும், சொன்னால் அந்த ஆயிரமும் அன்றைய கூலியும் சேர்ந்து போகும் என்ற நிலையை உருவாக்கியது நிறுவனத்தின் விதி. அவர் பொறுப்பில்லாதவராக நடந்துகொள்ளவில்லை. வீட்டு வாடகையையும் பிள்ளைகளின் கட்டணத்தையும் மனத்தில் வைத்துக் கணக்குப் போட்டார், அவ்வளவுதான். தனி ஆளாக நீங்கள் குற்ற உணர்வைச் சுமக்க வேண்டியதில்லை. அந்த விதியை மாற்றும் வேலை உங்கள் மேசைக்கு வந்திருக்கிறது, அதைச் செய்யுங்கள்.

ஆலைகளுக்கும் மில்களுக்கும் மருத்துவராகச் சென்றுவந்த இத்தனை ஆண்டுகளில் நான் உறுதியாகக் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. நோயை மறைக்க வேண்டிய தேவை தொழிலாளிக்கு இருக்கும்வரை வேறு எந்தப் பாதுகாப்பும் முழுமையாகப் பலன் தராது. கொரோனாத் தொற்றில் அறிகுறி தோன்றுவதற்கு இரண்டு நாள் முன்பிருந்தே கிருமி வெளிப்படத் தொடங்கிவிடுகிறது. அறிகுறி தோன்றும் நாளையொட்டித்தான் அது உச்சத்தில் இருக்கிறது. காய்ச்சலின் முதல் நாளும் இரண்டாம் நாளும் ஒருவர் வீட்டில் இருப்பது, ஐந்தாம் நாளில் அவரைக் கண்டுபிடித்து அனுப்புவதைவிடப் பல மடங்கு பயனுள்ளது. இன்ஃபுளுவென்சா போன்ற வேறு சுவாச நோய் பெருந்தொற்றாக வந்தாலும் முதல் சில நாட்களே மிக ஆபத்தானவை.

இப்போது தொழிலாளர் அரசுக் காப்பீடான இஎஸ்ஐயின் விதியைப் பாருங்கள். காப்பீடு பெற்ற தொழிலாளிக்கு நோய்க்கால உதவித்தொகையாகச் சராசரி நாள் ஊதியத்தில் 70 விழுக்காடு, ஆண்டுக்கு 91 நாள் வரை கிடைக்கும். அதற்கு முந்தைய ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாட்களுக்காவது சந்தா கட்டியிருக்க வேண்டும். நல்ல திட்டம்தான். ஆனால் பொதுவாக நோயின் முதல் இரண்டு நாட்களுக்கு இந்த உதவித்தொகை கிடையாது. தொற்று மிக வேகமாகப் பரவும் அதே இரண்டு நாட்களில்தான் தொழிலாளியின் கையில் ஒரு ரூபாயும் வராது என்பதை உங்கள் முதலாளியிடம் தாளில் எழுதிக் காட்டுங்கள். அந்த இடைவெளியை நிறுவனம் நிரப்ப வேண்டும் என்பதே என் முதல் பரிந்துரை.

அதற்கு எவ்வளவு ஆகும் என்று முதலாளி கேட்பார், கேட்பதும் நியாயமே. நாளொன்றுக்கு 600 ரூபாய் வாங்கும் டெய்லர் ஒருவர் ஏழு நாள் படுத்திருக்கிறார் என்றும், கணக்கு எளிதாக இருப்பதற்காக ஏழு நாளும் வேலை நாட்கள் என்றும் வைத்துக்கொள்வோம். இஎஸ்ஐ ஐந்து நாட்களுக்கு 420 வீதம் 2,100 ரூபாய் தரும். முதல் இரண்டு நாட்களின் முழுக் கூலி 1,200 ரூபாய், மீதி ஐந்து நாட்களில் விடுபட்ட 30 விழுக்காடு 900 ரூபாய் என நிறுவனம் ஏற்க வேண்டியதும் அதே 2,100தான். உங்கள் 180 பேரும் ஆளுக்கொரு முறை நோயுற்றாலும் செலவு 3,78,000 ரூபாயைத் தாண்டாது. ஒரு வரிசையில் எட்டுப் பேர் ஒரே நேரத்தில் விழுந்து, ஷிப்மெண்ட் தவறி, சரக்கை விமானத்தில் அனுப்ப நேர்ந்தால் என்ன செலவாகும் என்பது என்னைவிட உங்கள் முதலாளிக்கு நன்றாகத் தெரியும்.

இந்த ஏற்பாடு நிரந்தரத் தொழிலாளர்களோடு நின்றுவிடக் கூடாது. தைத்த உருப்படிக்கு இவ்வளவு என்ற பீஸ் ரேட்டில் தைப்பவருக்கு நாள் கூலி என்று ஒன்று இல்லாததால், கடந்த மூன்று மாதச் சராசரியை எடுத்துக்கொள்ளலாம். காண்ட்ராக்டர் மூலம் வரும் செக்கிங், பேக்கிங் பெண்களும் டெய்லருக்கு உதவும் கைமடிகளும் உங்கள் சம்பளப் பதிவேட்டில் இருக்கமாட்டார்கள், ஆனால் அதே காற்றைத்தான் சுவாசிக்கிறார்கள்; அவர்களுடைய பெயரில் இஎஸ்ஐ சந்தா உண்மையிலேயே கட்டப்படுகிறதா என்பதைப் பெருந்தொற்று வருமுன்பே ஒவ்வொருவராகச் சரிபாருங்கள். மாத ஊதியம் 21,000 ரூபாய்க்கு மேல் வாங்கும் மேற்பார்வையாளர்கள் இஎஸ்ஐ வரம்புக்கு வெளியே இருப்பார்கள் என்பதால் அவர்களுக்கு நிறுவனமே முழுமையாக நோய் விடுப்பு தர வேண்டும். முதல் மூன்று நாட்களுக்கு மருத்துவச் சான்று கேட்காதீர்கள். காய்ச்சலோடு ஒருவரை இஎஸ்ஐ மருந்தகத்தில் இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கவைத்து வாங்கும் சீட்டால் ஆலைக்குக் கிடைக்கும் நன்மை மிகச் சிறியது. அவர் தொலைபேசியில் சொன்னால் போதும் என்று விதியை எழுதுங்கள். நான்காம் நாளிலிருந்து சான்று வரட்டும். வருகை ஊக்கத்தொகையை நிறுத்த வேண்டும் என்று நான் சொல்லவில்லை, அதை நம்பித்தான் பல குடும்பங்கள் மாதத்தை ஓட்டுகின்றன. காய்ச்சலைத் தெரிவித்து எடுத்த விடுப்பு, வருகைக் குறைவாகக் கருதப்படாது என்ற ஒரே ஒரு வாக்கியத்தைச் சேர்த்தால் போதும். அதைத் தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் அச்சிட்டு, சம்பளம் வழங்கும் சனிக்கிழமையன்று எல்லோர் முன்னிலையிலும் முதலாளியே படித்துக் காட்டட்டும். மனிதவள அலுவலர் சொல்வதற்கும் முதலாளி சொல்வதற்கும் தொழிலாளியின் காதில் வித்தியாசம் இருக்கிறது.

வெப்பமானியைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் கருவியால், அறிகுறி தோன்றாமலே கிருமியைப் பரப்புபவரைக் கண்டறிய முடியாது. பாராசிட்டமால் போட்டுக்கொண்டு வருபவரையும் கண்டறிய முடியாது. காலை ஷிப்டுக்கு ஒரு மணி நேரம் முன்பு மாத்திரை விழுங்கிவிட்டு வாசலைக் கடந்த ஒரு தொழிலாளியை மதியம் மில் மருந்தகத்தில் 102 டிகிரிக் காய்ச்சலோடு நானே பரிசோதித்திருக்கிறேன். ஒன்றிரண்டு கருவிகள் இருக்கட்டும், அதற்குமேல் செலவு வேண்டாம். கிருமிநாசினித் தெளிப்பு அறவே வேண்டாம். 2020 ஏப்ரல் தொடக்கத்தில் உங்கள் ஊர்த் தென்னம்பாளையம் சந்தை வாசலில் கிருமிநாசினிச் சுரங்கம் அமைக்கப்பட்டதும், நாடெங்கும் அதைப் பார்த்துப் பலர் அமைத்ததும் உங்களுக்கு நினைவிருக்கும். நல்ல எண்ணத்தோடு செய்யப்பட்டதுதான். ஆனால் மனிதர்கள் மீது கிருமிநாசினி தெளிப்பது கண்ணுக்கும் தோலுக்கும் மூச்சுக்குழாய்க்கும் தீங்கானது, உடலுக்குள் இருக்கும் கிருமியை அது தொடவும் செய்யாது என்று அதே மாதம் 18ஆம் தேதி மத்திய சுகாதார அமைச்சகம் அறிவுறுத்திவிட்டது.

அந்தப் பணம் காற்றுக்குப் போகட்டும். 2020 மார்ச்சில் தென்கொரியத் தலைநகர் சோலில் ஓர் அடுக்குமாடிக் கட்டடத்தின் 11ஆம் மாடியில் இயங்கிய அழைப்பு மையத்தில் 216 பேரில் 94 பேருக்குத் தொற்று ஏற்பட்டது. அவர்களில் பெரும்பாலோர் அந்த மாடியின் ஒரே பக்கத்தில் நெருக்கமாக உட்கார்ந்து மணிக்கணக்கில் பேசிக்கொண்டிருந்தவர்கள். மற்ற மாடிகளில் இருந்தவர்கள் அதே மின்தூக்கியையும் அதே நுழைவுக் கூடத்தையும் பயன்படுத்தியும், அவர்களில் தொற்றுக்கு ஆளானவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவே. மின்தூக்கிப் பொத்தானைத் தொட்டவர்கள் தப்பினார்கள், ஒரே காற்றை நெடுநேரம் பகிர்ந்தவர்கள் மாட்டிக்கொண்டார்கள் என்பதே அதன் பாடம். கை கழுவுவது எப்போதும் நல்ல பழக்கம், அதை விட வேண்டாம். ஆனால் மேசையைத் துடைப்பதற்கு ஆளை நியமித்துவிட்டு ஜன்னலை மூடி வைத்திருக்கும் தவறை 2020இல் நாம் எல்லோருமே செய்தோம், மருத்துவர்களாகிய நாங்களும் சேர்ந்துதான்.

கரியமில வாயுவை அளக்கும் சிறு கருவி ஒன்றை வாங்குங்கள். வெளிக்காற்றில் அந்த வாயு பத்து லட்சத்தில் ஏறத்தாழ 420 பங்கு. நாம் வெளிவிடும் மூச்சில் ஏறத்தாழ 40,000 பங்கு. தையல் கூடத்தில் கருவி 1,500 என்று காட்டினால், அங்கே இழுக்கப்படும் ஏறக்குறைய நாற்பது மூச்சில் ஒரு மூச்சு ஏற்கெனவே இன்னொருவர் நுரையீரலுக்குள் போய்வந்தது என்று பொருள். எண் 800க்குக் கீழே வந்தால் அது நூறில் ஒன்று என்ற அளவுக்குக் குறையும்; அந்த 800ஐ இலக்காக வைத்துக்கொள்ளுங்கள். விறகில் எரியும் நீராவிக் கொதிகலனோ ஜெனரேட்டரோ அருகில் இருந்தால் கருவி தவறாகக் காட்டும் என்பதால் பவர் டேபிள் எனப்படும் தையல் இயந்திர வரிசைகளின் நடுவில், உட்கார்ந்திருப்பவரின் மூக்கு உயரத்தில் அதை வையுங்கள், ஆனால் யாருடைய மூச்சும் நேராகப் படாதபடி சற்றுத் தள்ளி.

கூரை மின்விசிறி அறைக்குள் இருக்கும் காற்றைச் சுழற்றுமே தவிர வெளியேற்றாது. வெளியேற்று விசிறிகள்தான் உங்களுக்குத் தேவை. 30 மீட்டர் நீளம், 15 மீட்டர் அகலம், 4 மீட்டர் உயரமுள்ள கூடத்தின் கொள்ளளவு 1,800 கன மீட்டர். அந்தக் காற்று மணிக்கு ஆறு முறை மாற வேண்டுமானால் மணிக்கு 10,800 கன மீட்டரை வெளியேற்ற வேண்டும். விசிறியின் பெயர்ப்பலகையில் அதன் திறன் அச்சிடப்பட்டிருக்கும். இந்த எண்ணை அதனால் வகுத்தால் எத்தனை விசிறி என்பது வந்துவிடும், தேய்மானத்துக்காக ஒன்றைக் கூட்டிக்கொள்ளுங்கள். பல ஆலைகளில் நான் காணும் பிழை, ஓடும் விசிறிக்குப் பக்கத்து ஜன்னலைத் திறந்து வைத்திருப்பது. விசிறி அந்த ஜன்னல் வழியாக வரும் புதுக் காற்றையே இழுத்து வெளியே தள்ளிவிட, கூடத்தின் எதிர்முனையில் காற்று அசையாமல் தேங்கியிருக்கும். விசிறி ஒரு சுவரிலும் திறந்த ஜன்னல்கள் எதிர்ச் சுவரிலும் இருக்க வேண்டும். அயர்னிங் பகுதிக்கு இது இரட்டிப்பாகப் பொருந்தும், அங்கே நீராவி வெக்கையில் முகக்கவசத்தை முழு நேரமும் போட்டிருக்கச் சொல்வது மனிதத்தன்மையற்றது. அந்தப் பிரிவில் நன்றாகப் பொருந்தும் என்95 முகக்கவசம் கொடுத்து, இரண்டு மணி நேரத்துக்கொரு முறை பத்து நிமிடம் வெளியே மரத்தடியில் கவசத்தைக் கழற்றித் தண்ணீர் குடிக்க விடுங்கள். காற்று வடிகட்டும் கருவி வாங்கினால் பஞ்சுத்தூசி இரண்டே நாளில் அதன் முன்வடிகட்டியை அடைத்துவிடும் என்பதால், தினமும் அதைச் சுத்தம் செய்யப் பெயர் குறிப்பிட்டு ஒருவரை நியமியுங்கள்.

தேநீர் இடைவேளையும் சாப்பாட்டு நேரமும் முகக்கவசம் இல்லாத நேரங்கள். வரிசை வரிசையாக நேரம் பிரித்து, முடிந்தவரை திறந்த வெளியில் உட்காரச் செய்யுங்கள். ஆட்களை ஏற்றிவரும் வேன்களின் கண்ணாடிகள் மழையிலும் ஒரு விரற்கடையாவது இறங்கியிருக்க வேண்டும்.

விடுதிதான் எனக்கு மிகுந்த கவலை தருகிறது. சிங்கப்பூரில் 2020இல் நடந்ததை இங்கே பலர் நேரடியாக அறிவார்கள், ஏனென்றால் அந்த விடுதிகளில் நம் மாவட்டங்களிலிருந்து போன பிள்ளைகளும் இருந்தார்கள். அங்கே ஓர் அறையில் பன்னிரண்டு முதல் இருபது பேர் வரை தங்கியிருந்தார்கள். ஏறத்தாழ 3,23,000 விடுதித் தொழிலாளர்களில் 47 விழுக்காட்டினர், அந்த ஆண்டு டிசம்பருக்குள் தொற்றுக்கு ஆளாகியிருந்தது பரிசோதனைகளில் தெரியவந்தது. பெரும்பாலோர் இளைஞர்கள் என்பதால் உயிரிழப்பு மிகக் குறைவு. அடுத்த ஆண்டு அந்நாட்டு அரசு, புதிதாகக் கட்டப்படும் விடுதிகளில் ஓர் அறைக்கு 12 பேருக்கு மேல் கூடாது, ஒருவருக்குக் குறைந்தது 4.2 சதுர மீட்டர் இடம் வேண்டும் என்று விதி செய்தது. உங்கள் விடுதி அறைகளை இன்றே நாடா வைத்து அளந்து பாருங்கள்.

இடத்தை ஒரே நாளில் பெருக்க முடியாது, ஆனால் யார் யாரோடு தங்குகிறார்கள் என்பதை மாற்றலாம். ஒரே வரிசையில், ஒரே ஷிப்டில் வேலை செய்பவர்களை ஒரே அறையில் தங்கவைத்தால் ஓர் அறையின் தொற்று ஆலை முழுவதும் பரவாது. ஊரிலிருந்து திரும்பி வருபவர்களுக்கும் காய்ச்சல் கண்டவர்களுக்கும் தனித்தனியாக, அவரவருக்கெனக் கழிவறை உள்ள அறைகளை இப்போதே ஒதுக்குங்கள். 60 பேருக்குக் குறைந்தது ஐந்து படுக்கைகளாவது வேண்டும். அந்த அறை தண்டனை அறையாக இருக்கக் கூடாது. சூடான சாப்பாடு, கைப்பேசிக்கு மின்னேற்றம், காற்றோட்டம், இரவில் அழைத்தால் வரக்கூடிய ஓர் ஆள், இவை இல்லையென்றால் அங்கே போக யாரும் முன்வரமாட்டார்கள், பழைய மறைப்பு மறுபடி தொடங்கிவிடும்.

அந்த அறையில் ரத்தத்தின் ஆக்சிஜன் அளவைக் காட்டும் ஆக்சிமீட்டர் இருக்கட்டும், நாளுக்கு மூன்று முறை அளந்து நோட்டில் எழுதட்டும். எண் 94க்குக் கீழே வந்தால், ஆறு நிமிட நடைக்குப் பின் சட்டென்று இறங்கினால், அல்லது எண் எப்படியிருந்தாலும் மூச்சு வாங்கினால் 108ஐ அழைக்க வேண்டும். முதலாளியின் அனுமதிக்காகக் காத்திருக்கக் கூடாது என்பதைத் திட்டத்தில் எழுத்தாகவே சேருங்கள். மூச்சுத்திணறல் தெரியாமலே ஆக்சிஜன் அளவு விழுந்துவிடும் நோயாளிகளை 2021இல் நிறையக் கண்டோம். உங்கள் டெய்லருக்கும் அப்படி நேர்ந்திருக்கக்கூடும். ஒடியா பேசும் பெண் தன் மூச்சுத்திணறலைத் தமிழ் மட்டுமே தெரிந்த காப்பாளரிடம் சொல்ல முடியாமல் தவிக்கும் நிலை வரக் கூடாது. அவர்களிலேயே இரண்டு மொழி தெரிந்த இருவரைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சியும் மாதம் ஒரு சிறு தொகையும் கொடுங்கள்.

சிங்கப்பூரில் தொற்று அடங்கிய பின்னும் விடுதித் தொழிலாளர்களின் நடமாட்டம் நெடுங்காலம் கட்டுப்படுத்தப்பட்டிருந்தது. அது அவர்களுடைய மனத்தை வாட்டியதைப் பற்றி அங்கேயே பலரும் பேசினார்கள். எனவே பாதுகாப்பு என்ற பெயரில் விடுதி வாசலைப் பூட்டாதீர்கள். நோய் இல்லாதவர்கள் மாலையில் வெளியே நடந்துவர, ஊருக்குப் பணம் அனுப்ப, ஊருக்கே போக விரும்பினால் கணக்கு முடித்துக் கிளம்ப வழி இருக்க வேண்டும். 2020இல் ஊரடங்கு அறிவித்தபோது நெடுஞ்சாலைகளில் நடந்தவர்கள் பசிக்காக மட்டும் நடக்கவில்லை, இங்கே இறந்தால் யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்ற பயத்தாலும் நடந்தார்கள். அந்தப் பயத்துக்கு மருந்து, நோயுற்றால் வீட்டுக்கு யார் தொலைபேசியில் பேசுவார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான். மனச்சோர்வும் தூக்கமின்மையும் உள்ளவர்களுக்கு அரசின் மனநலத் தொலைபேசிச் சேவையான டெலி மானஸின் 14416 என்ற எண்ணில் பல மொழிகளில் இலவச ஆலோசனை கிடைக்கிறது, அதை அறைக் கதவின் உட்புறம் ஒட்டுங்கள். நோயுற்றவர்களின் பெயரைப் பலகையிலோ வாட்ஸ்அப் குழுவிலோ ஒருபோதும் போடாதீர்கள். உங்களுக்கும் செவிலியருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். அருகில் உட்கார்ந்திருந்தவர்களிடம், தொற்றுக்கு வாய்ப்பு இருக்கிறது, பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்று பெயர் சொல்லாமலே தெரிவிக்கலாம்.

தடுப்பூசி வந்தால் ஊசி போடும் நாளுக்கும் மறுநாளுக்கும் கூலியோடு விடுப்பு என்று எழுதுங்கள். திட்டத்தை நீங்கள் தனியாக உட்கார்ந்து எழுத வேண்டாம். ஒரு டெய்லர், ஒரு செக்கிங் பெண், ஒரு அயர்ன் மாஸ்டர், விடுதியிலிருந்து ஒருவர் என நால்வரைக் கூட அமர்த்தி, காய்ச்சல் வந்தால் நிஜமாகவே என்ன செய்வீர்கள் என்று கேளுங்கள். அவர்கள் சொல்லும் பதில் முதல் நாளில் உண்மையாக இருக்காது, மூன்றாம் சந்திப்பில் உண்மை வரும்.

ஒன்றை மட்டும் இந்த வாரமே செய்யுங்கள். கொரோனாவால் இறந்த காப்பீட்டாளர்களின் குடும்பத்துக்கு இஎஸ்ஐ நிறுவனம் 2021இல் தனி நிவாரணத் திட்டம் கொண்டுவந்தது. நோய் கண்டறியப்படுவதற்கு மூன்று மாதங்களுக்கு முன்பாவது பதிவாகி, முந்தைய ஓராண்டில் குறைந்தபட்சமாகக் குறிப்பிட்ட நாட்களுக்குச் சந்தா கட்டப்பட்டிருந்தால், சராசரி ஊதியத்தில் 90 விழுக்காடு சார்ந்தோருக்கு மாதந்தோறும் வழங்கப்படும் என்பது அதன் ஏற்பாடு. 2020 மார்ச் 24 முதல் குறைந்தது இரண்டு ஆண்டுகள் அது நடப்பில் இருந்தது, உங்கள் டெய்லரின் மரணம் அந்தக் காலத்துக்குள் வருகிறது. அவருடைய மனைவிக்கு அது கிடைத்ததா, வைப்புநிதியோடு இணைந்த காப்பீட்டுத் தொகை வந்ததா என்று உங்கள் கோப்பில் பாருங்கள். வரவில்லையென்றால் அவருடைய சந்தா விவரங்களையும் பரிசோதனைச் சான்றையும் இறப்புச் சான்றையும் எடுத்துக்கொண்டு, அந்த அம்மாவைத் தனியாக அனுப்பாமல் நீங்களும் உடன் சென்று, கிளை அலுவலகத்தில் இன்னும் கோர முடியுமா என்று கேளுங்கள்.